மன்னிப்பும் ஈடும்: நொய்யல் கரையில் ஒரு விவிலிய விசாரணை

திருப்பூரில் ராயபுரம் போன்ற பனியன் தெருக்களில் வாரச் சம்பளம் சனிக்கிழமை, ஆராதனை ஞாயிற்றுக்கிழமை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் இரவுதான். ஆனாலும் தமிழ்க் கிறிஸ்தவப் பிரசங்கத்தில் அவை பெரும்பாலும் ஒன்றையொன்று அறியாத இரண்டு உலகங்களாகவே நிற்கின்றன. பாவம் என்றதும் குடி, சூது, விபசாரம், பொய், கோபம் என்று பட்டியல் நீள்கிறது. மனந்திரும்புதல் என்றதும் முழங்காலும் கண்ணீரும் முன்னால் வருகின்றன. பிடித்து வைத்த கூலி, குறைத்துக் கணக்கிட்ட பீஸ் ரேட், ஓடையில் இரவோடு இரவாகத் திறந்துவிட்ட சாயத் தண்ணீர் ஆகியவை அந்தப் பட்டியலில் இடம்பிடிப்பது அரிது. இடம்பிடித்தாலும், கடவுளிடம் மன்னிப்புக் கேட்டதோடு விஷயம் முடிந்தது என்ற எண்ணம் பொதுவாக நிலவுகிறது. பாவி ஒருபுறம், கடவுள் மறுபுறம். மன்னிப்பு இவ்விருவருக்கும் இடையிலான விவகாரம். பாதிக்கப்பட்ட மூன்றாவது ஆள் அந்தக் காட்சியிலேயே இல்லை.

அந்த மூன்றாவது ஆளைக் காட்சிக்குள் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கம். இதன் வாதம் ஒன்றே. கடவுளின் அன்பு மாறாதது என்று நம்புகிறவர், அந்த அன்பு தன்னிடம் மட்டுமல்ல, தன்னால் நஷ்டப்பட்டவரிடமும் மாறாதிருக்கிறது என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். அப்படி ஒப்புக்கொண்டால், முடிந்தவரை ஈடுசெய்யாத மனந்திரும்புதல் அரைகுறையானது என்ற முடிவுக்கு வருவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க, திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் சாயக்கழிவு வழக்கைவிடப் பொருத்தமான களம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம்: சாயத் தொழிலில் இருப்போரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர், அவர்களுக்கு இங்கே மதத் தீர்ப்பு எதுவும் எழுதப்படவில்லை. கேள்வி, அந்த ஊரில் நின்று மனந்திரும்பச் சொல்லும் திருச்சபையை நோக்கியது.

ஓசியா சொன்னதும் நாம் விட்டதும்

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரயேலில் பேசிய ஓசியா, இறைவனின் மாறாத அன்பை மிகத் துணிந்து சொன்ன தீர்க்கதரிசி. துரோகம் செய்யும் கோமேரை அவர் மணக்கிறார். பின்னர், பிற ஆணிடம் போய்விட்ட ஒருத்தியை, 15 வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டு வீட்டுக்கு அழைத்து வருகிறார். இந்தக் கசப்பான குடும்பக் கதையே கடவுளுக்கும் மக்களுக்கும் இடையிலான உறவின் உருவகமாகிறது. 11ஆம் அதிகாரத்தில் கடவுள், குழந்தைக்கு நடை பழக்கிய பெற்றோராகப் பேசுகிறார். கைவிட்டுவிட நினைத்தாலும் மனம் ஒப்பவில்லை. துரோகத்தால் முறியாத அன்பு என்பது இந்நூலின் அச்சாணி. தமிழ் மேடைகளில் ஓசியா எடுக்கப்படும்போது கேட்பதும் பெரும்பாலும் இவ்வளவுதான்: நீ எவ்வளவு தூரம் போனாலும் அவர் உன்னைத் தேடி வருவார்.

அது உண்மை, ஆனால் பாதி உண்மை. அதே நூலின் 4ஆம் அதிகாரம் பொய், கொலை, களவு ஆகியவற்றை அடுக்கிவிட்டு, அவற்றின் விளைவாக நிலம் துக்கிக்கிறது, விலங்குகளும் பறவைகளும் வாடுகின்றன, மீன்களும் அற்றுப்போகின்றன என்கிறது. மனிதரின் அநீதிக்கும் நீரிலுள்ள மீனின் சாவுக்கும் முடிச்சுப் போடும் இந்தப் பார்வை, சூழலியல் என்ற சொல் பிறப்பதற்கு 2,600 ஆண்டுகளுக்கு முற்பட்டது. 12ஆம் அதிகாரத்தில் கள்ளத் தராசு பிடித்த வியாபாரி ஒருவன் வருகிறான். தான் செல்வந்தனாகிவிட்டதையும், தன் சம்பாத்தியத்தில் எவரும் குற்றம் காண முடியாது என்பதையும் அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். 6ஆம் அதிகாரத்தில் மக்கள் அழகான வார்த்தைகளோடு திரும்பி வருகிறார்கள். அந்தப் பக்தி விடிகாலைப் பனியைப்போல் நிலைக்காதது என்று கடவுள் தள்ளிவிடுகிறார். பலிகளைக் காட்டிலும் இரக்கமே தமக்கு வேண்டும் என்கிறார். ஆக, மாறாத அன்பைப் பாடும் அதே நூல்தான் மேலோட்டமான மனந்திரும்புதலை ஏற்க மறுக்கிறது. இவ்விரண்டும் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல. கடவுள் எந்தப் பாவியைக் கைவிட மறுக்கிறாரோ, அவனுடைய கள்ளத் தராசால் ஏமாந்தவனையும் கைவிட மறுக்கிறார். ஒருவனிடம் காட்டும் அன்புக்காக மற்றவனின் நஷ்டத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவார் என்றால், அந்த அன்பை மாறாதது என்று சொல்ல முடியாது. பாரபட்சம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐந்தில் ஒரு பங்கும் நாலத்தனையும்

இந்தத் தர்க்கத்தை விவிலியம் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தின்படி, பிறருக்கு அநியாயம் செய்தவர் முதலில் அறிக்கையிட வேண்டும். பிறகு முதலை முழுதாகத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து, நஷ்டப்பட்டவர் கையில் ஒப்படைக்க வேண்டும். லேவியராகமம் 6ஆம் அதிகாரம் இதையே இன்னும் விரித்து, பலி செலுத்துவதை அதற்குப் பிறகே வைக்கிறது. வரிசை கவனிக்கத்தக்கது: ஒப்புதல், ஈடு, பலி. மலைப்பிரசங்கத்தில் இயேசு அந்த வரிசையை மாற்றவில்லை. பலிபீடத்தருகே காணிக்கையோடு நிற்கும்போது, உன்மீது குறையுள்ள சகோதரன் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்கிறார். காணிக்கைத் தட்டு காத்திருக்கலாம். நஷ்டப்பட்டவர் காத்திருக்கக் கூடாது.

சகேயுவின் கதை (லூக்கா 19) இதன் உச்சம். எரிகோவின் வரித் தலைவனான அவனை ஊரார் பாவி என்று ஒதுக்குகிறார்கள். இயேசு நிபந்தனை எதுவும் விதிக்காமல் அவன் வீட்டுக்குப் போகிறார். அன்பு முதலில் வருகிறது. அதை யாரும் விலைகொடுத்து வாங்கவில்லை. அந்த அன்பின் முன்னால் நின்றபோதுதான் சகேயு ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனையாகவும் கொடுப்பதாக அறிவிக்கிறான். திருடிய ஆட்டுக்கு நான்கு ஆடு கொடு என்று யாத்திராகமம் திருடனுக்கு விதித்த அளவு அது. அதாவது, சகேயு தன் தொழிலுக்கு வரிவசூல் என்ற கௌரவமான பெயரை விட்டுவிட்டு, தன்னைத் திருடன் என்ற தலைப்பின்கீழ் தானே எழுதிக்கொள்கிறான். இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்வது அந்த அறிவிப்புக்குப் பிறகுதான்.

திருச்சபையின் பின்னாளைய சிந்தனையும் இதிலிருந்து விலகவில்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கெதோனியுஸ் என்ற அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் அகுஸ்தினார், திருப்பிக் கொடுக்க வழியிருந்தும் கொடுக்காதவரின் மனந்திரும்புதல் வெறும் பாசாங்கு என்கிறார். கொடுக்க வழியே இல்லாதவரை அவர் அப்படிச் சொல்லவில்லை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறதே தவிர அது விளைத்த சீர்கேட்டைத் தானாகச் சரிசெய்வதில்லை என்றும், களவுபோனதைத் திருப்பித் தருவதும் காயத்துக்கு ஈடு தருவதும் கடமை என்றும் வகுத்திருக்கிறது. சீர்திருத்த சபையாருக்கும் இது அந்நியமானதல்ல. தமிழ் எழுப்புதல் மேடைகள் ஆர்வத்தோடு நினைவுகூரும் 1904–05 வேல்ஸ் எழுப்புதலில், மனந்திரும்பியவர்கள் பழைய கடன்களைத் தேடிப்போய்த் தீர்த்தது ஊரறிந்த அடையாளமாக இருந்தது.

நிறம் போய் உப்பு நின்ற கதை

இனி நொய்யலுக்கு வருவோம். வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் இந்த ஆறு, 1980களுக்குப் பிறகு பனியன் ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயக்கழிவின் வடிகாலாயிற்று. சென்னிமலைக்கு அருகே பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளுக்குள் சாயத் தண்ணீரின் தொட்டியாக மாறியது. அணைக்காக ஏங்கிய விவசாயிகளே அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. கிணறுகள் உப்பேறின, தென்னை காய்ந்தது, கால்நடைகூட அந்தத் தண்ணீரைத் தொடவில்லை.

இதில் ஒரு தொழில்நுட்ப விவரம் முக்கியமானது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலை நோக்கித் தள்ளுவது உப்புதான். ஆனால் அது துணியில் தங்குவதில்லை, வேலை முடிந்ததும் முழுக்கத் தண்ணீரோடு வெளியேறிவிடும். நீதிமன்ற நெருக்கடியால் 1990களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபோது, அவை சுண்ணாம்பும் பிற ரசாயனங்களும் கலந்து நிறத்தைப் பெருமளவு அகற்றின. கரைந்திருந்த உப்பை அகற்றும் ஏற்பாடு அவற்றில் இல்லை. வெளியே வந்த தண்ணீர் பார்வைக்குத் தெளிந்திருந்தது. வயலுக்குப் போனதும் பழையபடியே பயிரைக் கொன்றது. ஈடில்லாத மனந்திரும்புதலும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியும் கறை போய்விடுகிறது. அடுத்தவர் நிலத்தில் இறங்கும் உப்பு அப்படியே நிற்கிறது.

உப்பை நிறுத்தியது சட்டம். மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் தோல் கழிவு வழக்கில் நாட்டின் சட்டமாக உறுதிசெய்தது. அத்தீர்ப்பின் விளைவாக உருவான சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஆணையம், 2004இல் நொய்யல் வடிநிலத்தில் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாயை இழப்பீடாக நிர்ணயித்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003இல் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை 2007 ஜூலைக்குள் எட்ட வேண்டும் என்றும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம் கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2009 அக்டோபர் 6இல் உச்ச நீதிமன்றம், இந்தப் பொறுப்பிலிருந்து சாயப்பட்டறைகள் நழுவ முடியாது என்றது. அதன் பிறகும் உத்தரவு நிறைவேறாததால், 2011 ஜனவரி 28இல் உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் ஒருசேர மூட வைத்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அதற்குப் பிறகே, உப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீரை மீண்டும் தொட்டிக்கே அனுப்பும் முறை திருப்பூரில் பரவலாக வேரூன்றியது.

இந்த வழக்கை மனந்திரும்புதலின் உதாரணமாகக் காட்ட முடியாது. நீதிமன்ற ஆணையால் நடந்ததைத் திருந்திய மனத்தின் செயலென்று யாரும் சொல்லமாட்டார்கள். இதன் பயன் வேறு. ஒரு மதச்சார்பற்ற நீதி அமைப்பு, ஆற்றின் கீழ்க்கரையில் இருந்த விவசாயியை ஒரு தரப்பாக ஏற்று, அவருடைய நஷ்டத்தை ஏக்கர் கணக்கில் அளந்து, தொகை நிர்ணயித்து, எதிர்காலத்தில் தீங்கு தொடராதபடி குழாயையும் அடைத்தது. மனந்திரும்புதலைப் பற்றி நாள்தோறும் பேசும் ஒரு சமூகம் இந்த அளவையாவது எட்டியிருக்க வேண்டாமா? மனந்திரும்புதல் சட்டத்தைவிடக் குறைவாகக் கேட்குமானால், கிருபை என்ற பெயரில் நாம் பெற்றது வெறும் சலுகைதான்.

எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு சபைக்குள்ளிருந்தே வரும். ஈட்டை வலியுறுத்துவது, கிரியையால் இரட்சிப்பு என்ற பழைய தவறுக்குத் திரும்புவதாகாதா? 1517இல் லூத்தர் கிளர்ந்தெழுந்தது, பணம் கொடுத்துப் பாவத்தின் தண்டனையைக் குறைக்கலாம் என்ற வியாபாரத்துக்கு எதிராகத்தானே? ஆம். ஆனால் அந்தப் பணம் போனது யாருக்கு என்று பார்க்க வேண்டும். பாவமன்னிப்புச் சீட்டுக்கான காசு திருச்சபையின் கருவூலத்துக்குப் போனது. நஷ்டப்பட்டவருக்கு ஒரு காசும் போகவில்லை. சகேயு கொடுத்தது ஏமாற்றப்பட்டவருக்கும் ஏழைக்கும். லூத்தரின் 95 கூற்றுகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான்; அவர் மனந்திரும்புதலின் பாரத்தைக் கூட்டினாரே ஒழியக் குறைக்கவில்லை. அதே லூத்தரன் மரபில் வந்த போன்ஹோஃபர், 1937இல், பாவியை மாற்றாமல் பாவத்தை மட்டும் நியாயப்படுத்தும் மன்னிப்பை மலிவான கிருபை என்று சாடினார். ஈடு, மன்னிப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல. மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நம்புகிறவர், இனி மறைக்கவும் பயப்படவும் ஒன்றுமில்லாததால் செய்யக்கூடிய காரியம் அது. தண்டனைக்கு அஞ்சுகிறவர் கணக்கைத் திருத்தி எழுதுவார். நேசிக்கப்படுவதை அறிந்தவர்தான் உண்மைக் கணக்கை மேசைமேல் வைப்பார். பவுல், கடவுளின் கோபத்தைவிட அவருடைய தயவே மனந்திரும்ப வைக்கிறது என்று ரோமருக்கு எழுதியதன் பொருள் இதுவே.

இரண்டாவது மறுப்பு வெளியிலிருந்து, அதுவும் பெரியார் பிறந்த ஈரோட்டுக்குப் பக்கத்து ஊரில் எளிதாகவே வரும். கடவுள் மன்னித்துவிடுவார் என்ற நம்பிக்கையே அயோக்கியத்தனத்துக்குத் துணிவு தருகிறது. வினையை அனுபவித்தே தீர வேண்டும் என்னும் தமிழ் அறமரபு அதைவிட நேர்மையானது அல்லவா? இந்த விமரிசனத்தில் பலம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரை மறந்த மன்னிப்புக்கு எதிராக இது முழுக்கச் செல்லும். ஆனால் வினைக்கொள்கையும் ஓர் இடத்தில் தடுமாறுகிறது. செய்தவன் அனுபவிப்பான் என்பதால் விவசாயியின் கிணறு நன்னீராவதில்லை. தண்டனை பழியைத் தீர்க்கலாம், நஷ்டத்தைத் தீர்க்காது. தீங்கு செய்தவனே சீரமைப்பவனாகவும் மாற முடியும் என்று நம்புவதற்கு, அவனுடைய கடந்த செயலைவிட அவன் பெரியவன் என்று யாராவது கருத வேண்டும். மாறாத அன்பு என்பது அப்படிக் கருதுவதுதான்.

மூன்றாவது மறுப்பு தொழில் அறிந்தவர்களுடையது. இங்கே யார் பாவி? விலையை நெருக்கும் வெளிநாட்டு பிராண்டா, ஆர்டருக்காக ஒத்துக்கொள்ளும் ஏற்றுமதியாளரா, ஜாப் ஒர்க் பட்டறைக்காரரா, கூலிக்காக வால்வைத் திறந்தவரா, மலிவு டி-ஷர்ட்டை வாங்கியவரா? பொறுப்பு இப்படிச் சிதறிக் கிடக்கும்போது தனிமனித மனந்திரும்புதலைப் பேசுவது அர்த்தமற்றது என்பார்கள். 1984இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட மடல் இதற்கு ஒரு விடை தருகிறது: சமூகப் பாவம் என்பது பலருடைய தனிப்பட்ட பாவங்கள் குவிந்து இறுகியது, அமைப்பின் தலையில் போட்டுவிட்டு எவரும் விலகிக்கொள்ள முடியாது. அதே சமயம் பொறுப்பு எல்லோருக்கும் சமமல்ல. யோவான் ஸ்நானன் மனந்திரும்புதலுக்கேற்ற கனிகளைக் கேட்டபோது, வரிவசூலிப்பவருக்கு ஒரு பதிலும் படைவீரருக்கு வேறொரு பதிலும் சொன்னார். அவரவர் கையிலிருந்த அதிகாரத்துக்கு ஏற்ற பதில்கள் அவை. வால்வைத் திறக்கும் கூலிக்காரருக்கு வேலை போகும் என்ற பயம் உண்டு. முதலாளிக்கு இருப்பது லாபம் குறையும் என்ற கவலை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, எல்லோரும் பாவிகளே என்று பொதுவாகச் சொல்லி ஆமென் போடுவது, அதிகாரமுள்ளவருக்கு மட்டுமே வசதி.

கடைசியாக ஒரு கேள்வி: செத்த ஆற்றுக்கு யார் ஈடு தர முடியும்? உப்பேறிய நிலத்தடி நீர் ஒரு தலைமுறைக்குள் மீளாமல் போகலாம். நஷ்டத்தைப் பார்த்தபடியே இறந்துபோன பெரியவர்களுக்கு எந்தத் தொகையும் போய்ச்சேராது. 1997இல் கிழக்கு மரபுச் சபைத் தலைவர் பர்த்தலோமேயு, நீரையும் நிலத்தையும் காற்றையும் கெடுப்பது பாவம் என்று வெளிப்படையாக அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் அதை வழிமொழிந்தார். பாவம் என்று பெயரிட்டதாலேயே மீட்பு எளிதாகிவிடவில்லை. இங்கே ஈடு முழுமையடையாது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். முழுமையாகச் செய்ய இயலாததை மன்னிப்பு தாங்கிக்கொள்கிறது. செய்ய இயன்றதைச் செய்யாமல் விட அது அனுமதி தருவதில்லை.

சபைகள் செய்யக்கூடியது

இந்த வாதத்தை ஏற்றால், பனியன் ஊரில் மனந்திரும்புதலின் அழைப்பு சில திட்டவட்டமான கேள்விகளாக மாறும். சபை அங்கத்தினர் நடத்தும் பவர்டேபிள் தையல் யூனிட்டில் பீஸ் கணக்கு நோட்டு தொழிலாளி பார்க்கும்படி இருக்கிறதா? பிடித்த பி.எஃப். தொகை கட்டப்பட்டதா? ஓவர்டைம் கூலி சட்டப்படி தரப்படுகிறதா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து செக்கிங்கில் நிற்கும் பெண்ணுக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் ஒரே கூலியா? அறுவடைக்காரரின் பிடித்துவைத்த கூலி கடவுளின் காதில் விழுகிறது என்று யாக்கோபு எழுதிய நிருபத்தை வாசிக்கும் சபை, இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. அதே கேள்விகள் சபையின் சொந்தப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் பொருந்தும். அங்கே ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தக் கூலியில் இருக்கும் ஊழியர்கள் இருந்தால், முதல் ஈடு அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

லெந்து நாட்களில் சபைகள் உபவாசம் அறிவிக்கின்றன, காணிக்கை சேர்க்கின்றன, ஒப்புரவாக அழைக்கின்றன. அந்த அழைப்போடு ஒரு வரியைச் சேர்க்கும்படி போதகர்களையும் குருக்களையும் கேட்பது நியாயம்: இந்த ஆண்டு யாருக்கு எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதுங்கள், பெயரும் தொகையும் இருக்கட்டும், உயிர்த்தெழுதல் திருநாளுக்குள் கொடுத்துவிட்டு வாருங்கள். கடவுளின் அன்பு மாறாதது என்று நம்புகிறவர்களுக்கு அந்தத் தாளை எழுதப் பயமிருக்கக் கூடாது.